யார் சுவரிலும் அல்ல

இருபத்திரண்டு வருஷமாக
சூட்டை இடம் மாற்றுவதுதான் என் பிழைப்பு.
உள்ளிருப்பதை உறிஞ்சி வெளியே துப்பும் பெட்டியைச்
சுவரில் துளைபோட்டு மாட்டுவேன்.
வெளியே என்றால் எங்கே என்று யாரும் கேட்டதில்லை.
பில்லில் அதற்கொரு வரியும் கிடையாது.

வெளியே என்றால் பக்கத்து வீட்டு ஜன்னல்.
துணி காயப்போட வந்தவளின் முகம்.
ஒருமுறை புலாவ் தீக்கூஸில் நான் மாட்டிய பெட்டி
எதிர்வீட்டுக் கிளிக்கூண்டின் மேல் மூச்சுவிட்டது.
மூன்றாம் நாள் கூண்டை உள்ளே தூக்கிவைத்தார்கள்.
அடுத்த வாரம்
அவர்களும் ஓர் ஏர்கோனுக்குச் சொன்னார்கள்.
மாட்டிக்கொடுத்தேன்.

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் பதினேழுதான் கடைசி மாடி.
அதன்மேல் கூரை, கூரைமேல் வெயில்.
அங்கே குடியிருக்கும் கோகிலவாணிக்கு
பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட்.
இருபத்தொரு டிகிரியைத் தாண்டாத அறையில்
கண் மட்டும் தெரியும் உடுப்போடு பன்னிரண்டு மணி நேரம்.
காலை எட்டுக்கு பஸ் இறங்கி வந்து
அடுப்புக்கு அடியில் படுப்பாள்.
"சிப்புக்கு வேர்க்கக் கூடாதாம் அண்ணே,
எனக்கு வேர்த்தால் பரவாயில்லையாம்."
ஏர்கோன் விலை கேட்டாள். சொன்னேன்.
கரண்ட் பில் எவ்வளவு ஏறும் என்று கேட்டாள். சொன்னேன்.
அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து ஹஸ்லிண்டா வந்தாள்,
நாற்பத்திரண்டு தகடுகளோடு.
கண்கூசும் வெள்ளை. மோட்டார் இல்லை,
கேஸ் இல்லை, ஒரு வயர்கூட இல்லை.
"அப்புறம் சூடு எங்கே போகும்?"
என் வாயில் அந்தக் கேள்வி வந்தது அன்றுதான் முதல் தடவை.
பேனாவால் மேலே காட்டினாள்.

காற்றிலிருக்கும் ஈரம்
பூமியின் வெப்பத்தை வழிமறித்துத் திருப்பி அனுப்பிவிடுமாம்.
ஒரே ஒரு சந்து மட்டும் திறந்திருக்குமாம்,
குறிப்பிட்ட சில அலைகள் மட்டும் நுழையும் அகலத்தில்.
இந்தத் தகடு சூரியனைத் திருப்பி அனுப்பிவிட்டு
தன் சூட்டை அந்தச் சந்து வழியாக
விண்வெளிக்குக் கொடுத்துவிடுமாம்.
"பாலைவனத்தில் பிரமாதமாக வேலை செய்யும்," என்றாள்,
"இங்கே வானமே ஈரத்துணி. மூன்று டிகிரி கிடைத்தால் அதிகம்."

மூன்று!
பதினாறில் வைத்தும் குளிரவில்லை என்று
நடுராத்திரியில் போன் போடுகிறவர்களைத் தெரிந்தவன் நான்.
சிரித்தேன். கூலி வாங்கினேன். பதித்தேன்.
சிமெண்டில் முட்டி வெந்தது.
மத்தியானம் ஒரு மணிக்கு
பதித்த தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
நிழலே இல்லாத இடத்தில்
நிழலைத் தொட்டது போலிருந்தது.
ஹஸ்லிண்டாவிடம் சொல்லவில்லை.

முதல் வாரம் மழை. மேகம் சந்தை அடைத்தது.
இரண்டாம் வாரம் சுமத்ராவிலிருந்து புகை,
பாலமே கண்ணுக்குத் தெரியவில்லை.
அவள் நோட்டில் சைபர், சைபர், அரை, சைபர்.
மூன்றாம் வாரம் ஒரு புதன்கிழமை
காற்று திசை மாறி வானத்தைக் கழுவிவிட்டது.
இரண்டு புள்ளி எட்டு.

படிவத்தில் கையெழுத்து வாங்க
இரண்டு மணிக்குக் கோகிலவாணி கதவைத் தட்டினேன்.
திறக்கவில்லை. மறுபடி தட்டினேன்.
எதிர்வீட்டு ஆ மோய் எட்டிப் பார்த்தாள்:
"முதல் தட்டுக்கே திறப்பாளே,
பகலில் அவளுக்கு ஏது தூக்கம்?"
மூன்றாவதாகத் தட்ட ஓங்கிய கையை
அப்படியே இறக்கிக்கொண்டேன்.

கீழ்மாடிகளில் கம்ப்ரசர்கள் உறுமிக்கொண்டிருந்தன,
அவற்றில் ஐந்து என் கைவேலை.
லிஃப்ட் வர எப்போதும் போல் நேரமானது.
அதற்குள் அவள் கூரையின் சூடு
நிலா இருக்கும் தூரத்தைக் கடந்திருக்கும்.
முனைக்கடையில் தே தாரிக் ஆறுவதற்குள்
சூரியன் இருக்கும் தூரத்தையும்.
போகட்டும்.
அந்த வழியில் யாரும்
கிளிக்கூண்டை உள்ளே தூக்கிவைக்கப் போவதில்லை.

படிவம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.
ஹஸ்லிண்டா இரண்டு முறை கேட்டுவிட்டாள்.